காலி நிலமும் ஒரு கடிதமும்

"அக்கா, இதைக் கொஞ்சம் படிச்சுப் பாருங்களேன்!"

இடுப்பில் குழந்தையும் கையில் பேப்பருமாக வந்து நின்றாள் பக்கத்து வீட்டுப் பெண். சமையலறை அலமாரியில் விரிப்பதற்காக எடுத்த பழைய பேப்பர் அது. மடிக்கும்போது அவள் கண்ணில் எங்கள் கிராமத்தின் பெயர் பட்டிருக்கிறது. சின்ன எழுத்தில் ஓர் அறிவிப்பு. இன்ன சர்வே எண்ணில் உள்ள நிலத்தை 'ஆதாரக் குடியிருப்பு' உபயோகத்திலிருந்து 'தொழிற்சாலை' உபயோகத்துக்கு மாற்றக் கோரி மனு வந்திருக்கிறது. ஆட்சேபணை உள்ளவர்கள் குறிப்பிட்ட நாளுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கலாம் என்றிருந்தது.

"இது நம்ம வீட்டுக்குப் பின்னாடி இருக்கிற காலி நிலம்தானே?" என்று கேட்டாள். ஆமாம், அதேதான். சென்னைப் புறநகரில் நாங்கள் வீடு கட்டிக் குடிவந்த நாளாக, மாடு மேய்கிற அந்த நிலம்தான் எங்கள் வீடுகளுக்கு ஜன்னல் காற்று.

"அவங்க நிலம், அவங்க என்ன வேணும்னாலும் கட்டிக்குவாங்க. நாம எப்படிக் கேட்க முடியும்? ஆனா இவனுக்கு ஏற்கெனவே இழுப்பு. புகையும் தூசியும் வந்தா நான் என்ன பண்ணுவேன்?" என்று குழந்தையின் முதுகைத் தடவினாள்.

சகோதரிகளே, நம்மில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் நினைத்துக் கொண்டிருக்கிறோம். பத்திரமும் பட்டாவும் நிலம் யாருடையது என்று சொல்லும். அந்த நிலத்தில் என்ன கட்டலாம் என்று சொல்வது வேறொன்று: ஊருக்கான முழுமைத் திட்ட வரைபடம்.

தமிழ்நாட்டில் இதற்கென்று 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம் இருக்கிறது. சென்னையிலும் அதன் சுற்றுப்புறத்திலும் இந்தப் பொறுப்பு சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தினுடையது. 'சி.எம்.டி.ஏ.' என்றால் உங்களுக்குச் சட்டென்று புரியும். மற்ற ஊர்களில் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அலுவலகங்கள் இதைக் கவனிக்கின்றன. சென்னைக்கான இரண்டாவது முழுமைத் திட்டம் 2008 செப்டம்பரில் அமலுக்கு வந்தது. 1,189 சதுர கிலோ மீட்டர் பரப்பில், ஒவ்வொரு சர்வே எண்ணும் ஏதாவது ஒரு உபயோகத்தில் வைக்கப்பட்டது. ஆதாரக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், தொழிற்சாலை, நிறுவனம், திறந்தவெளி, விவசாயம் என்று அந்த வரிசை போகும்.

இதை நம் வீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்களேன். சமையலறையில் கட்டில் போட மாட்டோம். பூஜை அறையில் செருப்பு விட மாட்டோம். ஊரும் ஒரு பெரிய வீடுதான். ஆனால் குடும்பம் வளரும்போது திண்ணையை அறையாக்கிக் கொள்கிறோமே, அதுபோல நிலத்தின் உபயோகத்தை மாற்றவும் சட்டத்தில் வழி வைத்திருக்கிறார்கள். அதற்குத்தான் இந்த மனு.

மனு வந்தவுடன் மாற்றித் தந்துவிடுவார்கள் என்று பயப்பட வேண்டாம். நிலத்தை நேரில் பார்க்கிறார்கள். அக்கம் பக்கத்தில் என்ன இருக்கிறது, போகும் சாலை எத்தனை அகலம், மழை நீர் எங்கே வடிகிறது என்று பார்க்கிறார்கள். ஏரி, கால்வாய் சம்பந்தப்பட்டதென்றால் நீர்வளத் துறையின் கருத்தும் வேண்டும். பேப்பரில் அறிவிப்பு கொடுத்துப் பொதுமக்களின் ஆட்சேபணைகளையும் யோசனைகளையும் கேட்கிறார்கள். எல்லாவற்றையும் தொழில்நுட்பக் குழு பரிசீலித்த பிறகுதான் குழுமத்தின் முன் விஷயம் வைக்கப்படுகிறது. மாற்றம் சம்மதமானால் அரசிதழில் வெளியாகும். அதன் பிறகும், கட்டடம் கட்டத் தனியாகத் திட்ட அனுமதி வாங்கியாக வேண்டும்.

ஆக, நம் குரல் போய்ச் சேருவதற்கென்றே ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள். ஆனால் அது சில நாட்களுக்குத்தான் திறந்திருக்கும். அந்த அறிவிப்போ அலமாரித் தட்டில் விரிக்கப்படவிருந்தது!

அன்று மத்தியானமே அவள் ஒரு கடிதம் எழுதிக் கொண்டு வந்தாள். நான்கு பக்கம். மனு போட்டவர் பணத்திமிர் பிடித்தவர், யாரையும் மதிக்க மாட்டார், போன வருஷம் வேலித் தகராறு செய்தார் என்றெல்லாம் எழுதியிருந்தாள். படித்துவிட்டுச் சிரித்தேன்.

"அவரோட குணம் அவங்களுக்கு வேண்டாம்மா. அந்த நிலத்தோட குணத்தை எழுது" என்றேன்.

மாலையில் அவள் கணவர் டேப் எடுத்து வந்து தெருவை அளந்தார். இருபது அடி. ஒரு லாரி வந்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒதுங்க இடம் கிடையாது. அங்கன்வாடி அந்த நிலத்திலிருந்து எத்தனை அடி என்று பார்த்தோம். மழைத் தண்ணீர் அந்த நிலத்தின் ஓரமாகத்தான் ஓடி வடிகிறது; போன மழையில் எடுத்த புகைப்படம் ஒருத்தி வீட்டில் இருந்தது. எல்லா வீட்டிலும் போர்த் தண்ணீர்தான் புழக்கம். இவ்வளவையும் ஒரே பக்கத்தில், சர்வே எண்ணையும் அறிவிப்பு வந்த தேதியையும் குறிப்பிட்டு எழுதினோம். பதினொரு குடும்பத்தார் கையெழுத்துப் போட்டார்கள். கெடுவுக்கு இரண்டு நாள் முன்பே நேரில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக் கொண்டு வந்தோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எது வந்தாலும் எதிர்ப்போம் என்று கிளம்பக் கூடாது. குடியிருப்புப் பகுதியிலும் சின்ன மளிகைக் கடை, வீட்டிலேயே டாக்டரின் ஆலோசனை அறை போன்றவற்றுக்கு, பரப்பளவு வரம்போடு, விதிகளில் இடமுண்டு. அவையெல்லாம் நமக்கும் வேண்டியவைதானே! எந்த இடத்தில் எது என்பதுதான் கேள்வி.

பெங்களூரில் நடந்த ஒரு வழக்கு இதற்கு நல்ல உதாரணம். ராஜமகால் விலாஸ் எக்ஸ்டென்ஷன் என்ற குடியிருப்பில், பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனை கட்டக் கொடுத்துவிட்டார்கள். மருத்துவமனை நல்ல காரியம்தான். ஆனால் எங்கள் பிள்ளைகளுக்குப் பூங்கா வேண்டாமா என்று அங்கே குடியிருந்தவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 1991-இல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 'நிலம் உங்களுடையதல்லவே, நீங்கள் யார் கேட்க?' என்று அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. அக்கம் பக்கத்தில் வாழ்கிறவர்களுக்கும் கேட்க உரிமை உண்டு என்று ஏற்றுக் கொண்டது.

புது மனை வாங்கப் போகும் சகோதரிகள் இதை முடிச்சுப் போட்டு வைத்துக் கொள்ளுங்கள். உங்கள் மனையின் அங்கீகாரத்தைப் பார்த்தால் மட்டும் போதாது. பக்கத்து நிலம், எதிர் நிலம், பின்பக்கத்து நிலம் ஆகியவை வரைபடத்தில் என்ன உபயோகத்தில் இருக்கின்றன என்றும் கேளுங்கள். சென்னைப் பகுதியில் சர்வே எண்ணைக் கொண்டு சி.எம்.டி.ஏ.வின் இணையதளத்திலேயே பார்த்துக் கொள்ளலாம். மனைப் பிரிவு 10,000 சதுர மீட்டருக்கு, அதாவது சுமார் இரண்டரை ஏக்கருக்கு மேல் என்றால், சாலைகள் போக மீதியில் 10 சதவிகிதத்தைத் திறந்தவெளியாக விட்டு, தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்குக் கொடுத்திருக்க வேண்டும். "இங்கேதான் பார்க் வரப் போகுது" என்று தரகர் கை காட்டினால், தானப் பத்திரம் எங்கே என்று கேளுங்கள்.

எங்கள் கடிதத்துக்கு இன்னும் முடிவு வரவில்லை. நாங்கள் கேட்டபடியே வரும் என்று சொல்வதற்கில்லை. மனு போட்டவர் பக்கத்திலும் நியாயம் இருக்கலாம். ஆனால் முடிவு செய்கிறவர்கள் எதிரில் இருக்கும் காகிதங்களில், இருபது அடித் தெருவும் அங்கன்வாடியும் அந்தக் குழந்தையின் மூச்சும் இப்போது இருக்கின்றன.

நேற்று பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தேன். அலமாரியில் புதுப் பேப்பர் விரித்திருந்தது.

"அறிவிப்புப் பக்கத்தை ஒரு வரி விடாம படிச்சிட்டுத்தான் விரிச்சேன் அக்கா" என்றாள்.