கிருமி என்றாலே மாத்திரையா?

நுரையீரலில் கிருமி இருந்தால் கொன்றே தீரவேண்டும், கொன்றுவிட்டால் இருமல் நின்றுவிடும் என்ற நம்பிக்கை படித்தவர், படிக்காதவர் எல்லோரிடமும் வேரூன்றியிருக்கிறது. சாதாரணச் சளிக்காரரை இது பெரிதாகக் கெடுத்துவிடாது. எதிர்ப்பு சக்தியே திரும்பி நுரையீரலைத் தாக்கும் தன்னுடல் தாக்கு நோய் உள்ளவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை.

நுரையீரல் கிருமியே அண்டாத இடம் என்பதே முதலில் தவறு. மருத்துவ உலகமும் நெடுங்காலம் அப்படித்தான் நினைத்தது. 2007-ல் அமெரிக்காவில் தொடங்கிய மனித நுண்ணுயிர்த் திட்டம் வாய், மூக்கு, தோல், குடல், பிறப்புறுப்பு என்று ஆராய்ந்தபோது நுரையீரலைச் சேர்த்துக்கொள்ளவில்லை. 2010-ல் லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் மூச்சுக்குழாய்களில் பாக்டீரியாவின் மரபணுவைத் தேடினார்கள். ஆஸ்துமா உள்ளவர்களிடமும் கிடைத்தது, நலமாக இருந்தவர்களிடமும் கிடைத்தது. தூக்கத்தில் எச்சில் துளித்துளியாக மூச்சுக்குழாய்க்குள் இறங்க, வாயில் வாழும் பிரிவோடெல்லா, வெயில்லோனெல்லா போன்ற பாக்டீரியாக்களும் கூடவே இறங்குகின்றன. இருமலும், சளியை மேலே தள்ளும் நுண்ணிழைகளும் அவற்றை வெளியேற்றியபடியே இருக்கின்றன.

"சளியில் கிருமி வந்திருக்கிறது" என்ற ஒரு வரியைப் பார்த்துப் பதறுகிறோம். ஆய்வகத்தில் சளியைக் கண்ணாடித் தகட்டில் தடவி முதலில் பார்ப்பது, அது உண்மையில் சளிதானா என்பதைத்தான். வாயின் உட்தோல் செல்கள் நிறையத் தெரிந்தால் அது வெறும் எச்சில். சீழ்ச் செல்கள் மிகுந்திருந்தால்தான் நுரையீரலிலிருந்து வந்ததென்று நம்பலாம். எச்சிலில் வளர்ந்த கிருமிக்கு மாத்திரை விழுங்குவதில் என்ன நியாயம்?

தன்னுடல் தாக்கு நோய்களுக்கும் கிருமிக்கும் தொடர்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. மூக்கு, நுரையீரல், சிறுநீரகத்தின் ரத்தக்குழாய்களைத் தாக்கும் ஜி.பி.ஏ. என்ற நோயில், மூக்கில் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் நிலையாகத் தங்கியவர்களுக்கு நோய் திரும்புவது அதிகம் என்று நெதர்லாந்தின் குரோனிங்கன் மருத்துவர்கள் 1994-ல் காட்டினார்கள். 1996-ல் வெளியான அவர்களது ஆய்வில் 81 பேர். கோ-டிரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாடிக் எடுத்தவர்களில் 82 சதவீதம் பேருக்கு இரண்டு ஆண்டுகள் நோய் திரும்பவில்லை. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் அது 60 சதவீதம்.

இதைப் பிடித்துக்கொண்டு எல்லா நுரையீரல் நோய்க்கும் அதையே கொடுக்கலாமா? காரணம் தெரியாமல் நுரையீரல் தழும்பேறும் ஐ.பி.எஃப். நோயில் ஆன்டிபயாடிக் கொடுத்துப் பார்த்தார்கள். அங்கே பாக்டீரியா கூடுதல், கூடக்கூட நோய் வேகமாக முற்றுகிறது என்று முன்பே தெரிந்திருந்தது. ஆய்வுகளில் பிரிட்டனில் 342 பேர், அமெரிக்காவில் 513 பேர். 2020, 2021-ல் முடிவுகள் வந்தன: பலனில்லை. கிருமி இருந்தது உண்மை. ஆன்டிபயாடிக் அந்த நோயைத் தடுக்கவில்லை.

பலனில்லாததோடு போனால் பரவாயில்லை. முடக்குவாதத்துக்கு வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் எடுப்பவர், இருமலுக்கென்று கடையில் கோ-டிரைமாக்சசோல் வாங்கி விழுங்குகிறார் என்று வையுங்கள். இரண்டுமே ஃபோலேட் என்ற வைட்டமினின் வேலையைத் தடுப்பவை. எலும்பு மஜ்ஜையில் ரத்த அணு உற்பத்தி சரிகிறது. வாய்ப்புண் வரும், காய்ச்சல் வரும், உயிரும் போகலாம். லெவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கில் இன்னொரு ஆபத்து: காசநோயைச் சில நாள் அடக்கிவைத்து, கண்டுபிடிப்பதைத் தள்ளிப்போடும். ஸ்டீராய்டு எடுப்பவருக்குக் காசநோய் எளிதில் வரும் நம் நாட்டில் இது சின்ன விஷயமில்லை. மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத எச்-1 பட்டியலில் லெவோஃப்ளாக்சசின் இருப்பதைக் கடைக்காரர்கள் மறந்துவிடுவது கண்டிக்கத்தக்கது.

தன்னுடல் தாக்கு நோய் உள்ளவர்களுக்கு நிமோனியா வந்தால் ஆன்டிபயாடிக் அவசரமாகவே தேவை. மருத்துவர் தடுப்பாகத் தந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். காய்ச்சலோ மூச்சுத்திணறலோ கூடினால், எடுத்துவரும் மருந்துகளின் சீட்டுகளோடு அன்றே மருத்துவரைப் பாருங்கள். கடையில் நின்று "இருமலுக்கு ஒரு ஆன்டிபயாடிக் கொடுங்க" என்று மட்டும் கேட்காதீர்கள்.