பெட்ரோலுக்குக் குளிர்பான பாட்டிலா?



2012இல் மின்வெட்டு வாட்டி எடுத்தபோது வாங்கிய சிறிய ஜெனரேட்டர்கள் இன்றும் பல கடைகளில் மாடிப்படிக்கு அடியில் இருக்கின்றன. பக்கத்திலேயே அதற்கான பெட்ரோலும் இருக்கும், இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டிலில்!

என் கடையிலும் அப்படித்தான் இருந்தது. ஒரு கோடை மதியம், மூட்டை இறக்கிவிட்டு வந்த தம்பி தாகத்தில் அந்த பாட்டிலைத் திறந்து வாயருகே கொண்டு போய்விட்டான். நெடிதான் காப்பாற்றியது. "இதுல தண்ணி இல்லையா அண்ணாச்சி?" என்றான். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகுதான் சட்டத்தை விசாரித்தேன். 1934ஆம் ஆண்டுப் பெட்ரோலியச் சட்டத்தின் 8ஆம் பிரிவுப்படி, விற்பனைக்கு அல்லாத பெட்ரோலை 30 லிட்டர் வரை உரிமம் இன்றி வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது இறுக மூடிய கண்ணாடி, பீங்கான் அல்லது உலோகப் பாத்திரத்தில் இருக்க வேண்டும். முதல் இரண்டும் 1 லிட்டரையும், உலோகமானால் 25 லிட்டரையும் தாண்டக்கூடாது. பிளாஸ்டிக் என்ற பேச்சே அதில் இல்லை. தீ விபத்துக்குப் பின் இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து கேட்டால் நாம் எந்த பாட்டிலைக் காட்டுவது?

உலோகம்தானே என்று காலி எண்ணெய் டின்னை எடுப்பவர்களும் உண்டு. ஓட்டை போட்டு, துணியைச் சுருட்டி அடைத்த டின் மூடிய பாத்திரமா? அது திரி போட்ட விளக்கு! பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து போய், நாம் காலையில் ஏற்றும் சாமி விளக்கையோ பக்கத்து டீக்கடை அடுப்பையோ எட்டிவிடும்.

திருகு மூடியும் வாஷரும் உள்ள 5 அல்லது 10 லிட்டர் உலோக கேன் போதும். மேலே கொஞ்சம் இடம் விட்டு நிரப்பி, 'பெட்ரோல்' என்று பெரிதாக எழுதுங்கள். பங்கில் கேனை வண்டி மேல் வைத்துப் பிடிக்காமல் தரையில் வைத்துப் பிடியுங்கள். நிலைமின் பொறி தட்டும் ஆபத்து குறையும். ஓடிச் சூடான ஜெனரேட்டர் ஆறும் வரை ஊற்ற வேண்டாம். கடை இருட்டில் கிடந்தாலும் பரவாயில்லை.

நல்ல கேன் விலை அதிகம் என்று முனகுகிறார்கள். தனித்தனியாக வாங்கினால் அப்படித்தான். சங்கமே மொத்தமாக வாங்கி, அடக்க விலைக்கு உறுப்பினர்களுக்குக் கொடுத்தால் என்ன? மாநாட்டுப் பந்தலுக்கும் சால்வைக்கும் ஆகும் செலவில் ஒரு பங்குதான் முன்பணமாக வேண்டும். அடுத்த செயற்குழுவில் இதை வைக்கப் போகிறேன். என் கடைக்கு இப்போதே இரண்டு கேன் எழுதிக்கொள்ளுங்கள்.