உள்ளே போனால் சரியா?



"ரெண்டும் ஒண்டுதான், உள்ள போனா சரி" என்ற கதையை அக்குறணையிலும் மடவளையிலும் இனியாவது விடுவோம். டெலிபோன் பிளக் ஆர்ஜே 11: சிறியது, பெரும்பாலும் 2 அல்லது 4 பின். இணைய வயரின் பிளக் ஆர்ஜே 45: அகலமானது, 8 பின். சின்னது பெரிய சொக்கெட்டுக்குள் போகும். ஆனால் நெட் வராது, ஓரத்துப் பின்கள் வளையும். பழைய செம்புக்கம்பி லைனில் மணியடிக்கும்போது வரும் சுமார் 90 வோல்ட் ரவுட்டரையே பழுதாக்கலாம். பிறகு புதிது வாங்குகிறோம். இது வீண்விரயம் இல்லையா?

பரீட்சையில் "ஆர்ஜே 45" என்று எழுதிப் புள்ளி வாங்கும் பிள்ளை அதைத் தொட்டதே இல்லை. ஆசிரியர்களே, பெற்றோர்களே, இரண்டு பிளக்கையும் பிள்ளையின் கையில் கொடுத்து எண்ணச் சொல்லுங்கள். வீட்டு வயருக்கே உதவாத மனப்பாடம் எதற்கு?