நடுவில் நிற்கும் தரகர்

போனஸ் பேச முதலாளியிடம் தனியாகப் போகிற தொழிலாளி உண்டா? கிடையாது. போனால் என்ன கதி என்பது நமக்குத் தெரியும். ஐந்து பேர் கமிட்டியாகப் போகிறோம், கணக்கைக் கேட்கிறோம், பேசி முடித்ததை எழுத்தில் வாங்குகிறோம். ஆனால் அதே தொழிலாளி, ஆயுளெல்லாம் பாடுபட்டுக் கட்டிய ஒரே வீட்டை விற்கும்போது மட்டும் தன்னந்தனியாகப் போகிறார். சங்கத்தில் சொல்வதில்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம்கூட மறைக்கிறார். கடனுக்காக வீடு விற்பது ஊருக்குத் தெரிந்தால் அவமானம் என்று நினைக்கிறார். தரகர் முதல் போடாமல் லாபம் எடுப்பது இந்த வெட்கத்தை வைத்துத்தான்.

கோவைப் பகுதியில் நான் அறிந்த ஒரு தோழரின் கதையைச் சொல்கிறேன். ஸ்பின்னிங் இலாகாவில் 26 வருஷம் வேலை செய்தவர். 2020 மார்ச்சில் ஊரடங்கோடு நின்றுபோன ஆலைகளில் ஒன்று அவருடையது. சம்பளம் நின்றது, மகள் கல்யாணக் கடன் நிற்கவில்லை. இரண்டரை சென்டில் ஓட்டு வீடு. விற்பதென்று முடிவு செய்தார்.

தரகர் வந்தார். முதல் நாள் குறை சொன்னார்: தெற்குப் பார்த்த வாசல், குறுகலான சந்து, பழைய சுவர். அடுத்த வாரம் இரண்டு பேரை அழைத்து வந்தார். ஒருவர் 14 லட்சம் என்றார். மற்றவர் 15 என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். தோழரின் மனைவி அழ ஆரம்பித்துவிட்டார். மூன்றாவதாகத் தரகரே, "உங்க கஷ்டம் எனக்குத் தெரியுமுங்க, 18க்கு முடிச்சுத் தர்றேன்" என்றார். அன்றிரவே 50,000 ரூபாய் ரொக்கம் கைக்கு வந்தது. ஸ்டாம்புத் தாளில் கையெழுத்தும் போயிற்று. அந்த ஒப்பந்தத்தில் ஒரு வரி: "தங்களுக்கோ, தாங்கள் சொல்லும் நபருக்கோ கிரயம் செய்து தருகிறேன்." கெடு 11 மாதம்.

எட்டாவது மாதம் ரிஜிஸ்தர் ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். வாங்க வந்தவரை அன்றுதான் தோழர் பார்க்கிறார். பவுண்டரித் தொழிலாளி, மனைவி நகையை அடகு வைத்து வந்தவர். பத்திரத்தில் எழுதியிருந்ததோ சர்க்கார் வழிகாட்டி மதிப்பு மட்டும். பதிவு முடிந்து, தரகர் அகன்ற பிறகு, டீக்கடையில் இருவரும் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

"எத்தனைக்கு முடிச்சீங்க?" என்று தோழர் கேட்டார்.

"24 லட்சமுங்க. நீங்க ஒரு பைசா குறைக்க மாட்டேன்னு பிடிவாதமா நின்னீங்களாமே!"

தோழர் கையிலிருந்த டம்ளர் கீழே இறங்கிவிட்டது. அவர் வாங்கியது 18 லட்சம். நடுவில் 6 லட்சம் மறைந்துவிட்டது. அது போதாதென்று இருவரிடமும் கமிஷன் தனி! நாள் கூலி 600 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 6 லட்சம் என்பது 1,000 நாள் உழைப்பு. வேர்வை ஒரு சொட்டுச் சிந்தாமல் ஒரு தொழிலாளியின் மூன்று வருஷத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

இதில் தந்திரம் என்ன? பெரிய தந்திரம் ஒன்றுமில்லை. விற்பவரும் வாங்குபவரும் ஒருவரோடு ஒருவர் பேசாமல் பார்த்துக்கொள்வதுதான் முழு வித்தை. "பார்ட்டி கோபக்காரர், நேரில் பேசாதீங்க" என்று இந்தப் பக்கம் சொல்வார். அதையேதான் அந்தப் பக்கமும் சொல்வார். ஆகவே நாம் கற்க வேண்டிய முதல் பாடம் இது: வாங்குகிறவர் யார் என்று தெரியாமல், அவரை நேரில் உட்கார வைத்து விலை பேசாமல், எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். தரகர் ஆள் காட்டட்டும். பேசிய கமிஷனை வாங்கிக்கொள்ளட்டும். நூற்றுக்கு ஒன்று, இரண்டு என்பதெல்லாம் பேச்சு வழக்கு. முதல் நாளே பேசி, எழுதி வைப்பது நல்லது. விலையைச் சொல்லும் வாய் மட்டும் நம்முடையதாக இருக்க வேண்டும்.

அச்சாரம் சின்னத் தொகை, ஒப்பந்தம் சாதாரணத் தாள் என்று எண்ணிவிட வேண்டாம். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்தாக வேண்டும் என்பது சட்டம். 2018இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, ஒப்பந்தத்தை நிறைவேற்று என்று உத்தரவிடுவது கோர்ட்டுக்குப் பொது விதியாகிவிட்டது. 50,000 வாங்கிக்கொண்டு 11 மாதக் கெடுவுக்குக் கையெழுத்திட்டால், அந்தப் பதினோரு மாதமும் வீடு அவர்கள் கைக்குள். இதற்குள் மார்க்கெட் ஏறினால் லாபம் அவர்களுக்கு; இறங்கினால் வீடு நம் தலையில். கெடு இரண்டு மூன்று மாதத்துக்கு மேல் எதற்கு? "தாங்கள் சொல்லும் நபருக்கு" என்ற வரி எதற்கு? அந்த வரியைக் கண்டால் அடித்துவிடச் சொல்லுங்கள். அடிக்க மறுக்கிறவர் வீடு வாங்க வரவில்லை, கை மாற்ற வந்திருக்கிறார்.

பவர் பத்திரம் கேட்பவரிடம் இன்னும் எச்சரிக்கை வேண்டும். பவர் கொடுத்துவிட்டால் கையெழுத்து அவர் கையெழுத்து, விலை அவர் விலை. பவரை வைத்தே வீடு கைமாறிவிட்டதாகக் கொள்ள முடியாது, பதிவான கிரயப் பத்திரமே சொத்தை மாற்றும் என்று சுப்ரீம் கோர்ட் 2011லேயே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. வயதான தாய் தகப்பனிடம் "அலைச்சல் வேண்டாம், பவர் போடுங்க" என்று சொல்கிறவர் அவர்கள் அலைச்சலை நினைத்துச் சொல்லவில்லை.

அடுத்தது ரொக்கம். பத்திரத்தில் ஒரு விலை, கையில் ஒரு விலை என்பார்கள். "எல்லோரும் செய்றதுதானுங்க" என்பார்கள். 2015 ஜூன் முதல், வீடு நிலம் விற்கும் பணத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக்கூடாது. மீறினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம். அபராதம் யாருக்கு? கொடுத்தவருக்கல்ல, தரகருக்கல்ல; வாங்கிய நமக்கு! கறுப்புப் பணம் பணக்காரர் வீட்டுப் பண்டம். அதன் தண்டனை மட்டும் ஏழைக்கு வருகிறது. எனவே பாங்கு மூலம் வாங்குங்கள். பணம் கணக்கில் ஏறியதைப் பார்த்த பிறகு பத்திரத்தில் கையெழுத்திடுங்கள். "முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பாக்கிக்கு நடையாய் நடப்பவர்களைக் கோர்ட் வாசலில் பார்க்கலாம்.

கிராமத்துத் தோழர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மிராசுதார் நிலத்தில் குடியிருந்த விவசாயத் தொழிலாளிக்கு அந்த மனையைச் சொந்தமாக்கும் சட்டம் 1971இல் வந்தது. "வெளியே போ" என்று ஆண்டை சொன்னால் குடிசையைப் பிரித்துக்கொண்டு போன காலம் அதற்கு முன் இருந்தது. இலவச மனைப்பட்டாவும் பின்னர் பல ஊர்களில் கிடைத்தது. இந்தப் பட்டாக்களில் விற்பதற்கு நிபந்தனை எழுதியிருக்கும். அதைப் படிக்காமல், "பதிவு வேண்டாம், எழுதிக் கொடுத்தால் போதும்" என்கிற ஆளிடம் பாதி விலைக்குக் கொடுத்துவிடுகிறார்கள். 100 ரூபாயும் அதற்கு மேலும் பெறுமானமுள்ள மனையை விற்றால் பதிவான பத்திரம் வேண்டும் என்பது 1882ஆம் வருஷத்துச் சட்டம். எழுதி வாங்கிய தாளுக்குச் சட்டத்தில் மதிப்பில்லை என்று வாங்குகிறவருக்கும் தெரியும். ஆனாலும் குடும்பம் தெருவுக்கு வந்துவிடுகிறது. பெரியவர்கள் பெற்ற மனை போய்விடுகிறது.

தரகர் எல்லோரும் திருடர் என்று நான் சொல்லவில்லை. ஆலை மூடி வேலை இழந்த நம் ஆட்களே பிழைப்புக்கு அந்தத் தொழிலில் இறங்கியிருக்கிறார்கள். நாணயமாக நடப்பவர்களும் உண்டு. சர்க்கார் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. 2016இல் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், பதிவான புதிய மனைத் திட்டங்களிலும் அடுக்குமாடிகளிலும் விற்பனை செய்யும் ஏஜெண்டு பதிவு பெற வேண்டும் என்கிறது. தொழிலாளியின் பழைய ஓட்டு வீட்டை விற்றுக் கொடுக்கும் தரகர் அந்த வளையத்துக்கு வெளியே நிற்கிறார். பதிவும், கட்டுப்பட்ட கமிஷனும், ரசீதும் இவருக்கும் வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும்.

நமக்கும் ஒரு கடமை இருக்கிறது. வாங்க வருகிறவர் பெரும்பாலும் நம்மைப் போன்றவரே. தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, வீட்டுவரி ரசீது எல்லாவற்றையும் மறைக்காமல் அவர்முன் வையுங்கள். வீட்டின் மேல் கடன் இருந்தால் சொல்லுங்கள். பங்காளி வழக்கு இருந்தால் சொல்லுங்கள். மழையில் எந்தச் சுவர் ஒழுகும் என்பதையும் சொல்லுங்கள். அவர் பாங்குக் கடனுக்கு அலைகிறார் என்றால் நியாயமான நாள் கொடுங்கள். நாம் ஒளித்தால் நாமும் தரகர் வேலையே செய்கிறோம்.

அந்த இரண்டு தொழிலாளிகளும் டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். எட்டு மாதம் முன்னதாகப் பேசியிருந்தால் 21 லட்சத்துக்கு முடித்திருக்கலாம்; இருவருக்கும் ஆளுக்கு 3 லட்சம் மிச்சம். அந்தப் பேச்சு ரிஜிஸ்தருக்கு முன்னால் நடக்க வேண்டும், பின்னால் அல்ல. வீடு விற்க நேர்ந்தால் வெட்கப்படாதீர்கள். கடன் நீங்கள் செய்த குற்றமல்ல. சங்க ஆபீசுக்கு வந்து சொல்லுங்கள். படிக்கத் தெரிந்த ஒரு தோழரை உடன் வைத்துக்கொள்ளுங்கள். போனசுக்குக் கமிட்டியாகப் போகிற நாம், வீட்டுக்கும் கமிட்டியாகவே போவோம்!