குறைந்தது புகார்தான்

மலேசியக் காவல்துறையின் கணக்குப்படி 2019இல் 5,657 ஆக இருந்த குடும்ப வன்முறைப் புகார்கள், பெருந்தொற்றால் நாடே வீட்டுக்குள் அடைந்துகிடந்த 2020இல் 5,260 ஆகக் குறைந்து, அடுத்த ஆண்டில் 7,468 ஆக எகிறின. 2020இன் சரிவை மட்டும் பார்ப்பவர், குடும்பங்கள் ஒன்றாக இருந்ததால் இணக்கம் கூடிவிட்டது என்று எண்ணக்கூடும். ஆனால் அதே ஆண்டில், 1982 முதல் பாதிக்கப்பட்ட பெண்களுக்கு அடைக்கலம் தந்துவரும் பெட்டாலிங் ஜெயாவின் பெண்கள் உதவி அமைப்புக்கு (டபிள்யு.ஏ.ஓ.) பிப்ரவரியில் வந்ததைப் போல் மூன்று மடங்குக்கும் மேலான அழைப்புகளும் வாட்ஸ்அப் செய்திகளும் ஏப்ரலில் வந்து குவிந்தன. இரண்டு கணக்கும் மெய்தான்; காவல் நிலையம்வரை போக முடிந்தவர்களை ஒன்று எண்ணுகிறது, கைப்பேசியை எடுக்க முடிந்தவர்களை மற்றொன்று எண்ணுகிறது, இரண்டுக்கும் வழியற்றவர்கள் எதிலும் ஏறவில்லை.

2020 மார்ச் 18 அன்று நடப்புக்கு வந்த நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை, மாநில எல்லைகளை மூடி, சாலைத் தடுப்புகளில் போலீசாரையும் சில நாள்களில் ராணுவத்தினரையும் நிறுத்தி, அத்தியாவசியப் பொருள் வாங்கக் குடும்பத் தலைவர் மட்டுமே பத்து கிலோமீட்டருக்குள் சென்றுவரலாம் என்ற நிலையை உருவாக்கியது. பேரங்காடிகளில் எந்தக் கீரை எது என்று தெரியாமல் கைப்பேசியில் மனைவியைக் கேட்டு நின்ற கணவன்மார்களின் படங்களைப் பார்த்து நாடு சிரித்தது. கடைக்குப் போய்வரும் அந்த அரைமணி நேரத்தைத்தான் பல பெண்கள் இழந்தார்கள் என்பது சிரித்தவர்கள் பலருக்கு உறைக்கவில்லை. பிரிக்பீல்ட்ஸ் கோயிலுக்கோ கிள்ளான் தெங்கு கிளானா சாலைக் கடைகளுக்கோ போகும் வழியில் அக்காவை அழைத்து இரண்டு வார்த்தை பேசுவதும், கிளினிக்கில் மருத்துவரிடம் கைக்காயத்தைக் காட்டுவதும், நிலைமை முற்றினால் பேராக்கிலோ கெடாவிலோ உள்ள தாய்வீட்டுக்குப் பிள்ளைகளோடு பஸ் ஏறுவதும் எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாத, ஆனால் எல்லாச் சட்டங்களுக்கும் முந்திய பாதுகாப்பு ஏற்பாடுகள். அவை ஒரேயடியாக அடைபட்டன.

பிரிக்பீல்ட்ஸுக்கு அருகிலுள்ள கெரிஞ்சி போன்ற இடங்களின் மக்கள் குடியிருப்புத் திட்ட (பிபிஆர்) அடுக்குமாடிகளில் ஒரு வீடு ஏறக்குறைய 700 சதுர அடிதான். நாள் முழுவதும் கணவன் கூடத்தில் இருக்கும் அத்தகைய வீட்டில், அறைக்கதவைச் சாத்திக்கொண்டு உதவி எண்ணை அழைப்பதே சந்தேகத்தைக் கிளப்பும் என்பதால், அனுப்பியதும் அழித்துவிடக்கூடிய வாட்ஸ்அப் செய்தி பலருக்குக் குரலைவிடப் பாதுகாப்பாக இருந்தது.

சட்டத்தில் குறையே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் சட்டமே இல்லை என்பதும் பொய். 1994ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் 2017இல் திருத்தப்பட்டபோது, அவசரப் பாதுகாப்பு ஆணை என்ற ஏற்பாடு சேர்ந்தது. போலீஸ் புகாரோ நீதிமன்றமோ இல்லாமல், விண்ணப்பித்த இரண்டு மணி நேரத்துக்குள் சமூக நல அதிகாரியே வழங்கும், ஏழு நாள்கள் செல்லுபடியாகும் தடையாணை இது. இதற்கும் முன்பே, 1990களில் கோலாலம்பூர் மருத்துவமனையில் தொடங்கி மற்ற அரசு மருத்துவமனைகளுக்கும் பரவிய ஒருமுனை நெருக்கடி மையங்கள், சிகிச்சை, புகார், ஆலோசனை மூன்றையும் ஒரே இடத்தில் தர முயன்றன. இவை நல்ல ஏற்பாடுகளே. எனினும் எல்லாமே அடிபட்டவள் முதலில் வாசற்படி தாண்டுவாள் என்ற அனுமானத்தின்மேல் நிற்பவை. 2020 மார்ச்சில் அந்த அனுமானம்தான் முறிந்தது.

அதே மாத இறுதியில், மகளிர் அமைச்சு வெளியிட்ட சுவரொட்டிகள், வீட்டிலிருந்து வேலை செய்யும் மனைவியர் ஒப்பனையோடு இருக்கவும், கணவனிடம் நச்சரிக்காமல் கார்ட்டூன் பூனை டோரேமோனின் குரலில் கொஞ்சிப் பேசவும் அறிவுறுத்தின. கடும் கண்டனம் எழுந்து அமைச்சு மன்னிப்புக் கேட்டது என்றாலும், வீட்டு அமைதிக்கு மனைவியே பொறுப்பு என்ற எண்ணம் அதிகாரிகளின் மேசைவரை வந்திருந்ததை அது காட்டியது. தமிழ்க் குடும்பங்களில் இதே எண்ணம் 'கொஞ்சம் அனுசரித்துப் போம்மா' என்ற அறிவுரையாக வருகிறது. அடித்தவனுக்கோ சம்சு என்னும் மலிவு மது, வேலையிழப்பு என்று காரணங்கள் தயாராக இருக்கின்றன. வேலையிழந்த ஆண்கள் எல்லோரும் கைநீட்டிவிடவில்லை என்பதால், அவற்றைக் காரணம் என்பதைவிடச் சாக்கு என்பதே பொருந்தும்.

2021இலும் பல மாதங்கள் முடக்கம் நீடித்தது. ஆனாலும் புகார்கள் நாற்பது விழுக்காட்டுக்கும் மேல் கூடின. ஆகவே பூட்டிய சாலைகள் மட்டுமே முந்தைய ஆண்டின் சரிவை விளக்கிவிடா. உதவி கேட்க வெளியே போனால் அபராதம் விழுமோ என்ற குழப்பம் முதல் ஆண்டில் பெரிதாக இருந்ததும், உதவி எண்கள் பற்றிய செய்தி பிறகு பரவியதும், பொறுத்துப் பொறுத்து எல்லை கடந்ததும் சேர்ந்தே இந்த ஏற்றத்தைத் தந்திருக்க வேண்டும்.

ஸ்பெயினின் கேனரி தீவுகளில் பெண்கள் மருந்துக்கடையில் 'முகக்கவசம் 19' என்று கேட்டாலே ஊழியர் அவசர உதவியை அழைக்கும் ஏற்பாடு 2020 மார்ச்சிலேயே வந்தது. திறந்திருக்கும் கடையையே புகலுக்கு வழியாக்கிய அந்தச் சிறு யோசனைக்குப் பெரிய செலவில்லை. மலேசியச் சட்டத்திலும் பயன்படுத்தத் தக்க ஒரு வலுவான பிரிவு உண்டு: வீடு யார் பெயரில் இருந்தாலும், அடித்தவரை வெளியேற்றி, அதில் தனித்துக் குடியிருக்கும் உரிமையைப் பாதிக்கப்பட்டவருக்கு நீதிமன்றம் வழங்கலாம். பெண்ணும் பிள்ளைகளும் துணிமூட்டையோடு அடைக்கலம் தேடுவதே வழக்கமாகிவிட்ட நிலையில், இந்தப் பிரிவை விதியாகவும் அடைக்கலத்தை விலக்காகவும் கருதும் போக்கு நீதிமன்றங்களிலும் காவல் நிலையங்களிலும் வர வேண்டும். இனி எந்தக் காரணத்துக்காக நடமாட்டம் தடுக்கப்பட்டாலும், வன்முறையிலிருந்து தப்பி வருபவருக்கான விலக்கு ஆணையின் முதல் நாள் வாசகத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். இன்று உதவி தேவைப்படுவோர் மகளிர் அமைச்சின் தாலியான் காசே உதவி எண்ணான 15999ஐ எந்நேரமும் அழைக்கலாம்.