வாக்கியத்தை நறுக்கினால் பாடம் எளிதாகிவிடாது

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டப் பிள்ளைகளுக்கான வாசிப்புப் பகுதிகளை எளிமையாக்குவதாகச் சொல்லி, ‘ஏனெனில்’, ‘ஆகவே’, ‘இருப்பினும்’ போன்ற இணைப்புச் சொற்களை எடுத்துவிட்டு வாக்கியங்களைத் துண்டு துண்டாக நறுக்கும் வழக்கம் நிறுத்தப்பட வேண்டும். இம்மலையின் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும் பெற்றோரும் சேர்ந்த எங்கள் அமைப்பின் நிலைப்பாடு இதுவே. பின்தங்கிய மாணவரைக் கைதூக்கிவிட வேண்டும் என்ற நல்லெண்ணத்தில்தான் இந்த வழக்கம் வந்தது. ஆனால் யாருக்கு உதவ நினைத்தோமோ அந்தப் பிள்ளையின் தலையில்தான் இது சுமையை ஏற்றுகிறது.

ரிங்லெட் நீர்த்தேக்கத்தைப் பற்றி இப்படி ஒரு பகுதி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: ‘மலைச்சரிவில் காடு அழிக்கப்பட்டது. கனமழை பெய்தது. மண் ஆற்றில் கலந்தது. நீர்த்தேக்கத்தின் கொள்ளளவு குறைந்தது.’ நான்கும் குட்டை வாக்கியங்கள். கடினமான சொல் என்றால் ‘கொள்ளளவு’ ஒன்றுதான். ஆனாலும் நான்காம் ஆண்டு மாணவர் ஒருவர் கடைசி வாக்கியத்தில் தடுமாற நல்ல காரணம் இருக்கிறது. மழை பெய்தால் நீர்த்தேக்கம் நிறையத்தானே வேண்டும், ஏன் குறைந்தது? மண்ணைப் பிடித்து வைக்க வேர்கள் இல்லாமல் போனதையும், அரித்து வந்த மண் அணைக்குப் பின்னால் சேறாகப் படிந்ததையும், படியப் படிய நீருக்கான இடம் சுருங்கியதையும் அவரே ஊகித்து நிரப்ப வேண்டியிருக்கிறது. இப்போது இதைப் பாருங்கள்: ‘மலைச்சரிவில் காடு அழிக்கப்பட்டதால் மண்ணைப் பிடித்து வைக்க வேர்கள் இல்லை. ஆகவே, கனமழை பெய்தபோது மண் அரித்துச் சென்று ஆற்றில் கலந்தது. அந்த மண் நீர்த்தேக்கத்தின் அடியில் சேறாகப் படிந்தது; அதனால் நீர் தேங்கும் இடம் குறைந்தது.’ சொற்கள் கூடியிருக்கின்றன, வாக்கியங்களும் நீண்டிருக்கின்றன. ஆனால் முதல் பகுதி மாணவரிடம் தள்ளிவிட்ட வேலையை இரண்டாம் பகுதி தானே செய்துவிடுகிறது.

இது வெறும் எண்ணம் அன்று. வாக்கிய நீளத்தையும் சொல்லின் கடினத்தையும் மட்டும் அளந்து ஒரு பாடம் எளிதா கடினமா என்று தீர்மானிக்கும் வாய்பாடுகள் அமெரிக்காவில் வெகுகாலம் செல்வாக்குடன் இருந்தன. அவற்றுக்கு ஏற்பச் சுருக்கப்பட்ட பாடங்களை மூலத்தோடு ஒப்பிட்டு ஆலிஸ் டேவிசனும் ராபர்ட் கான்டரும் 1982இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வாக்கியங்களைப் பிளந்து இணைப்பை நீக்கிய இடங்களில், எதற்கு எது காரணம் என்பதை வாசகரே ஊகிக்க வேண்டிய நிலை உண்டானதை அது எடுத்துக்காட்டியது. 1994இல் கீத் மில்லிஸும் மார்செல் ஜஸ்ட்டும் செய்த சோதனைகள் இன்னும் நுட்பமானவை. ‘ஏனெனில்’ போன்ற சொல்லால் இணைக்கப்பட்ட வாக்கியத்தைப் படித்தவர்கள் அதன் இறுதியில் சற்றுக் கூடுதலாக நின்றார்கள். பிறகு கேட்ட கேள்விகளுக்கு விரைவாகவும் சரியாகவும் விடை சொன்னார்கள். எங்கள் வாதத்துக்கு இந்தச் சிறு தாமதம் மிக முக்கியம். இணைப்புச் சொல் மூளை உழைப்பை ஒழித்துவிடுவதில்லை. இரு கருத்துகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டிய இடத்தில் அந்த உழைப்பைக் குவிக்கிறது.

இதற்கு எதிராக வைக்கப்படும் வலுவான வாதம் ஒன்று உண்டு: எல்லாவற்றையும் நாமே இணைத்துக் கொடுத்தால் பிள்ளை எப்போதுதான் சிந்திக்கும்? உயர்நிலைச் சிந்தனைக் கேள்விகள் வலியுறுத்தப்படும் காலத்தில் இது நியாயமான கவலை. ஆய்வுச் சான்றும் இதற்குண்டு. டேனியல் மெக்நமாரா, வால்டர் கின்ச் முதலியோர் 1996இல் வெளியிட்ட ஆய்வில், பொருளை முன்பே நன்கு அறிந்த வாசகர்கள் இடைவெளிகள் உள்ள பகுதியைப் படித்தபோது ஆழமான கேள்விகளுக்குச் சிறப்பாக விடையளித்தார்கள். ஆனால் அதே ஆய்வில், பொருளைப் பற்றி அதிகம் அறியாதவர்களுக்குத் தொடர்புகள் வெளிப்படையாகச் சொல்லப்பட்ட பகுதியே பயன்பட்டது. நம் பிள்ளைகள் இந்த இரண்டில் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்பது பாடத்தின் பொருளைப் பொறுத்தது. கொழுந்தை வாட்டினால் ஈரம் குறைந்து இலை துவளும், அதனால்தான் உருட்டும்போது நொறுங்காது என்பதைச் சுங்கை பாலாஸில் வளரும் பிள்ளை வீட்டுப் பேச்சிலேயே கேட்டிருக்கக்கூடும். கோலாலம்பூரின் இலகு ரயிலைப் பற்றியோ துறைமுகத்தைப் பற்றியோ வரும் பகுதியில் அதே பிள்ளைக்கு அந்தப் பின்புலம் இல்லை. நகரத்து அனுபவத்தை வைத்து எழுதப்படும் பகுதிகளில் இணைப்பையும் எடுத்துவிட்டால், தோட்டத்துப் பிள்ளை இரட்டைச் சுமை சுமக்கிறது. அதன் திறமையைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை.

சிறிய பள்ளிகளில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. 150 பேருக்கும் குறைவான மாணவர் கொண்ட பள்ளியைக் குறைந்த மாணவர் பள்ளி என்று மலேசியக் கல்வி அமைச்சு வகைப்படுத்துகிறது. மிகச் சிறிய பள்ளிகளில் இரண்டு ஆண்டு மாணவர்களை ஒரே வகுப்பறையில் அமர்த்திக் கற்பிக்க நேர்கிறது. ஆசிரியர் ஒரு பிரிவைக் கவனிக்கும் நேரத்தில் மற்றப் பிரிவு தானாகப் படிக்க வேண்டும். ‘ஏன் சார்?’ என்று கேட்க அந்த நிமிடத்தில் பக்கத்தில் யாரும் இல்லை. தாள்தான் விளக்க வேண்டும்.

தமிழுக்கு இதெல்லாம் பொருந்துமா, வினையெச்சத்தாலேயே தமிழ் வாக்கியங்களை இணைத்துவிடுகிறதே என்று சிலர் கேட்கிறார்கள். ஆய்வுகள் பெரும்பாலும் ஆங்கிலம், டச்சு போன்ற மொழிகளில் நடந்தவை என்பது உண்மை. ஆனால் ‘மழை பெய்து மண் சரிந்து பாதை அடைபட்டு’ என்று அடுக்கும்போது எது எதற்குப் பின் நடந்தது என்றுதான் தெரிகிறது. காரணமா, வெறும் வரிசையா என்பது வாசகர் பொறுப்பில் விடப்படுகிறது. ‘பெய்ததால்’, ‘பெய்தபோதிலும்’ என்று எழுதினால்தான் உறவு தெளிவாகிறது. ஆகவே எச்சங்களை நீளமாகக் கோத்த வாக்கியங்களை நாங்கள் ஆதரிக்கவில்லை. பத்திக்குப் பத்தி ‘மேலும்’ போட்டு நிரப்புவதையும் ஆதரிக்கவில்லை. தவறான இணைப்பு, இல்லாத உறவை இருப்பதாகக் காட்டிவிடும்.

வீட்டில் ‘ஏன்னா’, ‘அதனால’, ‘ஆனாலும்’ என்று பேசும் பிள்ளைக்கு ‘ஏனெனில்’, ‘இருப்பினும்’ அந்நியமாக இருக்கும் என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். கேட் கேனும் ஹானா நேஷும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், பத்து வயதுப் பிள்ளைகளுக்கும் இணைப்புச் சொற்களில் பெரியவர்களின் தேர்ச்சி வந்திருக்கவில்லை. ஒளித்து வைத்தால் இந்தத் தேர்ச்சி வளராது. முதலாம் ஆண்டில் ‘அதனால்’, ‘ஆனால்’ ஆகியவற்றில் தொடங்கி, ஆறாம் ஆண்டுக்குள் ‘ஆயினும்’ வரை கொண்டுவரலாம். இடைநிலைப்பள்ளியின் படிவம் ஒன்றில் மலாய்ப் பாடநூலில் ‘கெரானா’வையும் (ஏனெனில்) ‘வாலாவ்புன்’னையும் (இருந்தபோதிலும்) சந்திக்கும்போது, காரணமும் மறுப்பும் எப்படி இயங்கும் என்பதாவது அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கும்.

ஆறாம் ஆண்டு மாணவருக்கான யு.பி.எஸ்.ஆர். பொதுத்தேர்வு 2021இல் அகற்றப்பட்ட பிறகு, வகுப்பறை மதிப்பீட்டுக்கான பகுதிகளைத் தேர்வதும் எழுதுவதும் பெரும்பாலும் பள்ளியின் கையில் இருக்கிறது. தானா ராத்தாவிலிருந்து ரிங்லெட் வரையுள்ள தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களிடம் நாங்கள் கேட்பது இதுதான்: பகுதியைச் சுருக்க வேண்டியிருந்தால் தேவையற்ற விவரத்தைச் சுருக்குங்கள், காரணத்தைச் சொல்லும் சொல்லை விட்டுவையுங்கள். கருத்துணர் கேள்விகளில் ‘எப்போது’, ‘எங்கே’ ஆகியவற்றோடு ‘ஏன்’ என்பதையும் கேளுங்கள். நன்றாகப் படிக்கும் மாணவர்களுக்கு இணைப்புச் சொல்லின் இடத்தில் கோடிட்டுக் கொடுத்து, பொருத்தமானதை நிரப்பச் சொல்லுங்கள். பயிற்றி வெளியிடுவோர், பின்தங்கிய மாணவருக்கான பதிப்பை அச்சுக்கு அனுப்புமுன் ஒரு தோட்டப் பள்ளியிலாவது பிள்ளைகளிடம் கொடுத்துப் படிக்கவைத்து, அவர்கள் தடுமாறும் இடங்களைத் திருத்த வேண்டும்.