கம்பம் நட்டால் போதுமா?

ஊருக்கு மின்கம்பம் வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நாம் நினைத்துவிடுகிறோம். உண்மையில், கேள்விகள் அதன் பிறகுதான் எழுகின்றன. பழுதை யார் பார்ப்பது? கட்டணத்தை யார் வசூலிப்பது? திருட்டை யார் தடுப்பது?

இதற்கு நேபாள நாடு ஒரு வழியைக் காட்டியது. அங்கு 2003-ஆம் ஆண்டு வந்த விதிகளின்படி, கிராம மக்கள் கூட்டுறவுச் சங்கமாகவோ பயனாளர் குழுவாகவோ இணைந்து, நேபாள மின்சார ஆணையத்திடம் மொத்தமாக மின்சாரம் வாங்கி, தாங்களே வீடுகளுக்கு வழங்கலாம். அந்த விதிகளில் மின்பாதை அமைக்கும் செலவில் 80 விழுக்காடு அரசின் பொறுப்பாக இருந்தது. 20 விழுக்காடு மக்களின் பங்காக இருந்தது. அதைப் பணமாகவோ உடலுழைப்பாகவோ கொடுக்க முடிந்தது.

மொத்த மீட்டர் காட்டும் யூனிட்டுக்கெல்லாம் சங்கமே பணம் கட்டவேண்டும். ஒருவர் கொக்கி போட்டுத் திருடினால், நட்டம் எங்கோ இருக்கும் அலுவலகத்துக்கு அல்ல, அண்டை வீட்டாருக்கே. ஆகவே ஊரே காவல் காக்கிறது.

ஆனால், மக்களின் பங்கு எல்லாருக்கும் ஒரே சுமை அல்ல. நிலமில்லாதவர் குழி தோண்ட வரும் ஒவ்வொரு நாளும் அவருக்குக் கூலி போகிறது. அவரிடம் உழைப்பை மட்டும் பெற்றுக்கொண்டு, முடிவெடுக்கும் இடத்தை வசதி படைத்தவரே வைத்துக்கொண்டால், அது பங்கேற்பு ஆகாது. மக்கள் பங்கேற்பைக் காரணம் காட்டி அரசும் தன் கடமையைக் கைகழுவக் கூடாது.

கடைக்கோடி வீட்டுப் பெண்ணும் கூட்டத்தில் எழுந்து, "கணக்கைக் காட்டுங்கள்" என்று அச்சமின்றிக் கேட்க முடிகிறதா? மின்சாரம் அந்த ஊருக்குச் சொந்தமா என்பதை அறிய இந்த ஒரு கேள்வி போதும். நம் ஊர்ச் சங்கங்களிலும் இதைக் கேட்டுப் பார்ப்போம்.